அலை ஆடும் கடல்... அலை தூங்கும் கடல்!

குட்டி நண்பர்களே, பையைத் தூக்கித் தோளில் மாட்டுங்கள். இந்த வாரம் நாம் ஒரு பயணம் போகப் போகிறோம். பூம்புகாரில் தொடங்கி, கடலை இடது கைப் பக்கம் வைத்துக்கொண்டே தெற்கே இறங்கி, கோடியக்கரையில் திரும்பி, தஞ்சாவூர் மாவட்டத்து மனோரா கோட்டையில் வண்டியை நிறுத்தப் போகிறோம். வலது கைப் பக்கம் முழுக்க நெல் வயல். இடது கைப் பக்கம் முழுக்க உப்புக் காற்று. நடுவில் நாம்!

வண்டி மேலே ஒரு நீளமான பலகை கட்டியிருக்கிறது, பார்த்தீர்களா? அது அலைச்சறுக்குப் பலகை. ஆங்கிலத்தில் 'சர்ஃபிங்' என்கிறார்களே, அந்த விளையாட்டுக்கானது. கூடவே ஒரு கூடாரம், டார்ச் விளக்கு, தண்ணீர் கேன், கட்டுச்சோறு. எல்லாம் தயார்.

கிளம்புவதற்கு முன் ஒரு புதிர். நாம் போகிற வழியில் ஓர் இடத்தில் கடல் அலை திடீரென்று அடங்கிவிடும். அதுவரை 'ஓ'வென்று இரைந்த கடல், அங்கிருந்து ஏரி மாதிரி படுத்துக் கிடக்கும். அந்த இடம் எது? அலை எங்கே போனது? விடையைக் கண்டுபிடித்துக்கொண்டே வாருங்கள்.

பலகை மேல் ஒரு சவாரி

அலை மேல் ஏறி நின்று கரைக்கு வரும் விளையாட்டு, பசிபிக் பெருங்கடலின் நடுவில் இருக்கும் ஹவாய் தீவுகளில் மிகப் பழமையானது. அங்கே அரசர்களும் விளையாடினார்கள், குடிமக்களும் விளையாடினார்கள். அந்தத் தீவைச் சேர்ந்த டியூக் கஹானமோகு என்பவர் 1912-ல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்றவர். போன நாடுகளில் எல்லாம் பலகையோடு கடலில் இறங்கிக் காட்டி, இந்த விளையாட்டை உலகுக்கு அறிமுகம் செய்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் அலைச்சறுக்கு முதன்முதலாக ஒலிம்பிக் விளையாட்டானது.

நம் ஊரிலும் இது புதுசு இல்லை. கட்டுமரம் தெரியும் அல்லவா? மரங்களைக் கயிற்றால் கட்டி, கடலுக்குள் போய், மீனோடு திரும்பும்போது நம் மீனவர்கள் என்ன செய்வார்கள்? பின்னால் வரும் பெரிய அலைக்காகக் காத்திருப்பார்கள். அது தூக்கும் நேரம் பார்த்துத் துடுப்பைப் போடுவார்கள். அலையே கட்டுமரத்தைக் கரையில் கொண்டுவந்து தள்ளிவிடும். இதுவும் அலைச்சறுக்குதான். அவர்களுக்கு அது விளையாட்டு இல்லை, வேலை. அவ்வளவுதான் வித்தியாசம். நம் 'கட்டுமரம்' என்ற சொல்தான் ஆங்கிலத்துக்குப் போய் 'கேட்டமரான்' ஆனது.

சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்தில், மீனவ இளைஞரான மூர்த்தி மேகவன் பலகைச் சவாரியைக் கற்றுக்கொண்டு, ஊர்ப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். கோவளமும் மாமல்லபுரமும் இன்று அலைச்சறுக்கு ஊர்கள். 2025 ஆகஸ்டு மாதம் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்தது. அதில் கர்நாடகத்தைச் சேர்ந்த ரமேஷ் புதிஹால் வெண்கலப் பதக்கம் வென்றார்.

'அப்படியென்றால் நாம் ஏன் கோவளம் போகாமல் டெல்டாவுக்குப் போகிறோம்?' என்றுதானே கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. அதற்கு முதலில் அலை எங்கே பிறக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அலையின் பிறந்த ஊர்

சூடான பாலை ஆற்றுவதற்கு வாயால் ஊதுகிறோம். பால் மேல் சின்னச் சின்ன நெளிவு ஓடுகிறது. கடலில் நடப்பதும் அதேதான். ஊதுவது காற்று. காற்று எவ்வளவு வேகமாக, எவ்வளவு நேரம், எவ்வளவு தூரத்துக்குத் தடையில்லாமல் ஊதுகிறதோ, அவ்வளவு பெரிய அலை எழும்.

இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், அண்டார்டிகாவுக்குப் பக்கத்தில், ஆண்டு முழுக்கப் பெருங்காற்று வீசுகிறது. அங்கே பிறக்கும் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து நம் கரை வரைக்கும் வருகின்றன. ஆனால் பயணம் செய்வது தண்ணீர் இல்லை! கடலில் ஒரு தேங்காய் மிதக்கிறது என்று வையுங்கள். அலை வரும்போது மேலே ஏறும், போனதும் கீழே இறங்கும், கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கும். ஓடி வருவது அலையின் ஆற்றல் மட்டும்தான்.

கரைக்குப் பக்கத்தில் ஆழம் குறைகிறது. அலையின் அடிப்பகுதி தரையில் உரசி வேகம் குறைகிறது. மேல்பகுதி வேகமாகவே வருகிறது. ஓடி வருகிறவனின் கால் தடுக்கினால் தலை முன்னே பாயும் அல்லவா? அதுபோல அலையும் குப்புற விழுந்து நுரை கக்குகிறது. ஒரு மீட்டர் உயரமுள்ள அலை, ஏறத்தாழ 1.3 மீட்டர் ஆழத்துக்கு வந்ததும் உடையும். அது உடையத் தொடங்கும் அந்தக் கணத்தில்தான் பலகைக்காரர் எழுந்து நிற்பார்.

இப்போது நம் கடலின் வரைபடத்தை நினைத்துப் பாருங்கள். தெற்கிலிருந்து வரும் அலைகளுக்குக் குறுக்கே இலங்கைத் தீவு நிற்கிறது. மரம் வெயிலை மறைத்து நிழல் தருவதுபோல, இலங்கை அலையை மறைத்து நம் டெல்டா கரைக்கு ஓர் 'அலை நிழல்' தருகிறது. வடக்கே போகப் போக அந்த நிழல் விலகுகிறது. அதனால்தான் கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் சவாரிக்கு ஏற்ற அலை. இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள அறுகம்குடாவில் அலை இன்னும் அருமையாக வரும். அங்கே உலகெங்கும் இருந்து பலகைக்காரர்கள் வருகிறார்கள்.

நாம் நிழலுக்குள் பயணம் போகிறோம். வாருங்கள், வண்டி கிளம்பட்டும்!

முதல் நிறுத்தம்: பூம்புகார்

குடகு மலையில் பிறந்து, மேட்டூரில் தேங்கி, கல்லணையில் பிரிந்து, வயல் வயலாகப் பாய்ந்து வரும் காவிரி, இங்கேதான் கடலைத் தொடுகிறது. வந்து சேரும்போது ஒரு சின்ன வாய்க்கால் அளவுதான் இருக்கிறது. 'இதுவா காவிரி?' என்று ஏமாந்து போகாதீர்கள். தண்ணீரை எல்லாம் வயலுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்து நிற்கிறது. அதுதான் அதன் பெருமை.

சங்க காலத்தில் இது சோழர்களின் பெரிய துறைமுகம். கடலுக்கு அடியிலும் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். கரையில் உள்ள சிலப்பதிகாரக் கலைக்கூடத்தையும் பார்த்துவிடுங்கள்.

கடலில் கால் நனைக்க ஆசையா? நில்லுங்கள். ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். இதை மட்டும் மறக்கவே கூடாது.

அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டிய தண்ணீர் எல்லாம் திரும்பிப் போக வேண்டும். சில இடங்களில் அது ஒரே வழியாகச் சேர்ந்து, ஆறு மாதிரி கடலுக்குள் வேகமாக ஓடும். மேலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் மட்டும் அலை உடையாமல் அமைதியாக இருக்கும். 'ஆகா, இங்கே அலை இல்லை, குளிக்கலாம்' என்று இறங்குகிறவர்களைத்தான் அது இழுத்துக்கொண்டு போகிறது.

அதில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தக் கூடாது. எவ்வளவு பெரிய நீச்சல்காரரும் களைத்துப் போவார். பதறாமல் மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்த வேண்டும். அந்த இழுப்பு அகலத்தில் குறைவு. சற்று தூரத்தில் விட்டுவிடும். பிறகு கரைக்குத் திரும்பலாம். அதைவிட நல்ல வழி, உள்ளூர் மீனவ அண்ணன்களிடம் கேட்காமல் எந்தக் கடலிலும் இறங்காமல் இருப்பது. பெரியவர்கள் துணை இல்லாமல் இறங்கவே கூடாது.

இரண்டாவது நிறுத்தம்: தரங்கம்பாடி

'தரங்கம்' என்றால் அலை. பேரிலேயே அலையை வைத்துக்கொண்டிருக்கும் ஊர் இது. 'அலைகள் பாடும் ஊர்' என்று சொல்லிக்கொள்வார்கள். ஆனால் இங்கே அலை பாட மட்டும் செய்யவில்லை, ஊரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துத் தின்னவும் செய்திருக்கிறது! கரையில் நிற்கும் மாசிலாமணி நாதர் கோயிலைப் பாருங்கள். 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. கட்டும்போது கடல் தள்ளி இருந்தது. பிறகு கரை அரித்துக்கொண்டே வந்து, கோயிலின் ஒரு பகுதி கடலோடு போய்விட்டது.

பக்கத்திலேயே டேன்ஸ்பர்க் கோட்டை. 1620-ல் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் செய்துகொண்டு, டென்மார்க் நாட்டுக்காரர்கள் கட்டியது. அவர்கள் 1845-ல் இந்த ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். 1706-ல் இங்கே வந்து இறங்கிய சீகன்பால்கு, தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார்.

அலை கரையை ஏன் அரிக்கிறது? ஒவ்வோர் அலையும் கொஞ்சம் மணலைக் கொண்டுவருகிறது, கொஞ்சம் மணலை எடுத்துப் போகிறது. வரவும் செலவும் சரியாக இருந்தால் கரை நிலையாக நிற்கும். ஆற்று மணல் கடலுக்கு வருவது குறைந்தாலோ, வழியில் ஏதாவது தடுத்தாலோ, வரவு குறையும். அப்புறம் செலவு மட்டும்தான். உண்டியல் காசு மாதிரி!

மூன்றாவது நிறுத்தம்: காரைக்கால், நாகப்பட்டினம்

இந்தச் சாலையில் பாலங்கள் அதிகம். காரைக்காலில் அரசலாறு. நாகூர்ப் பக்கம் வெட்டாறு. நாகப்பட்டினத்தில் கடுவையாறு. எல்லாமே காவிரி, வெண்ணாற்றின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். ஒவ்வொரு பாலத்திலும் ஆற்றின் பெயர்ப் பலகையைப் படித்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். பயணம் முடியும்போது யாருடைய பட்டியல் நீளம் என்று பார்ப்போம்.

நாகப்பட்டினம் துறைமுகத்தில் ஓர் உயரமான கம்பம் இருக்கிறது. மழைக்காலத்தில், 'நாகையில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது' என்று செய்தியில் கேட்டிருப்பீர்கள். அது இதுதான். பகலில் கூம்பு, உருளை வடிவங்களைக் கம்பத்தில் ஏற்றுவார்கள். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளை ஏற்றுவார்கள். தொலைபேசி, ரேடியோ இல்லாத காலத்திலேயே, கப்பல்காரர்கள் தூரத்தில் இருந்து பார்த்துத் தெரிந்துகொள்வதற்காக வந்த ஏற்பாடு.

கூண்டு எண் சொல்வது என்ன?
1, 2: கடலில் தூரத்தில் புயல் சின்னம் இருக்கிறது, கப்பல்களே, கவனம்.
3, 4: துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம்.
5, 6, 7: ஆபத்து. புயல் துறைமுகத்துக்கு இடப்பக்கமா, வலப்பக்கமா, நேராகவா என்பதைப் பொறுத்து எண் மாறும்.
8, 9, 10: பெரும் ஆபத்து. கடும் புயல் வருகிறது.
11: வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது!

வங்கக் கடலில் புயல் வருவது ஏன்? வெயிலில் சூடான கடல் நீர் ஆவியாகி மேலே போகிறது. அந்த இடத்தை நிரப்ப சுற்றிலும் இருந்து காற்று ஓடி வருகிறது. பூமி சுழல்வதால் அந்தக் காற்று நேராக வராமல் வளைந்து, சுற்றத் தொடங்குகிறது. நம் பகுதியில் அது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால் 'புயல்' ஆகி, அதற்குப் பெயரும் கிடைக்கும்.

இந்தக் கரை பார்த்த புயல்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. 1952-ல் ஒன்று, 1977-ல் ஒன்று. தாத்தா, பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது 'கஜா'. இலங்கை வைத்த பெயர் அது. கஜம் என்றால் யானை. யானை புகுந்த வாழைத் தோட்டம் மாதிரிதான் ஆனது டெல்டா. மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகம். வேதாரண்யம், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் லட்சக்கணக்கான தென்னை மரங்கள் சாய்ந்தன. நெல் விழுந்தால் அடுத்த போகம் நடலாம். தென்னை விழுந்தால், புதுக் கன்று காய்க்க ஆண்டுக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்பா வைத்த மரத்தை நம்பிப் படித்துக்கொண்டிருந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய இடி என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயம். புயலின் நடுவில் 'கண்' என்று ஒரு பகுதி உண்டு. அது நம் தலைக்கு மேல் வரும்போது காற்று சட்டென்று நின்றுவிடும். 'புயல் போய்விட்டது' என்று வெளியே வந்துவிடக் கூடாது. சற்று நேரத்தில் எதிர்ப்பக்கத்தில் இருந்து அதே வேகத்தில் காற்று திரும்ப அடிக்கும்.

இரண்டு முகாம்கள்

இரவாகிவிட்டது. கூடாரம் போட வேண்டாமா? எங்கே போடலாம்?

ஆற்று முகத்துவாரத்தில் கூடாது. தண்ணீர் எப்போது ஏறும் என்று தெரியாது. அலை வந்துபோன ஈரக் கோட்டுக்குக் கீழே கூடாது. தென்னை மரத்துக்கு அடியில் கூடவே கூடாது, தேங்காய் விழும்! கடலை விட்டு மேடான இடத்தில், ஊர்க்காரர்களிடம் அனுமதி கேட்டுப் போட வேண்டும். மழைக்காலத்தில் இந்தக் கரையில் கூடாரமே வேண்டாம். தை பிறந்த பிறகு வந்தால் வானம் தெளிவாக இருக்கும், சம்பா அறுவடையும் பார்க்கலாம்.

நமக்கு 'முகாம்' என்றால் குஷி. ஆனால் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லுக்கு வேறு பொருளும் உண்டு. புயல் வருகிறது என்றால் புத்தகப் பையையும் ஆட்டுக்குட்டியையும் தூக்கிக்கொண்டு, தூண்கள் மேல் உயர்த்திக் கட்டிய பாதுகாப்பு மையத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ ஓட வேண்டும். பாய் விரித்து ஊரே ஒன்றாகப் படுக்கும். காலையில் திரும்பிப் போகும்போது வீட்டுக் கூரை இருக்குமா என்று தெரியாது. அதுவும் முகாம்தான்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. சுமத்ரா தீவுக்கு அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தால் எழுந்த சுனாமி, இந்தக் கரையில் ஏறியது. காற்று எழுப்பும் அலை மேற்பரப்பில் மட்டும் ஆடும். சுனாமியோ அடிமுதல் மேல்வரை மொத்தக் கடலையும் தள்ளிக்கொண்டு வரும். அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் உங்களைப் போன்ற சிறுவர், சிறுமியர் நிறையப் பேர். அன்று நமக்கு முன்னெச்சரிக்கை சொல்லும் மையம் இல்லை. 2007-ல் ஹைதராபாத்தில் அந்த மையம் தொடங்கப்பட்டது. கடல் திடீரென்று வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால், கிளிஞ்சல் பொறுக்க ஓடாதீர்கள். மேடான இடத்துக்கு ஓடுங்கள்.

மரம் நட்ட ஊர்

வேளாங்கண்ணியைத் தாண்டி வேதாரண்யம் போகும் வழியில் நாலுவேதபதி என்ற கிராமம். 2002-ல் இந்த ஊர் மக்கள் கின்னஸ் சாதனைக்காக ஒரே நாளில் 80,000-க்கும் மேற்பட்ட மரக்கன்றுகளை நட்டார்கள். சாதனைப் புத்தகத்தில் பெயர் வந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டே ஆண்டில் சுனாமி வந்தது. அந்தச் சின்ன மரங்கள் அலையின் முன்னே நின்று அதன் வேகத்தைக் குறைத்தன. சுற்றுப்புற ஊர்களைவிட இங்கே சேதம் குறைவாக இருந்தது. விளையாட்டாக நட்ட மரம் உயிரைக் காப்பாற்றியது!

அடுத்து வேதாரண்யம். இரு பக்கமும் உப்பளம். வெள்ளை வெளேரென்று குவியல்கள். இந்த வழியில் நமக்கு முன்பே ஒரு குழு பயணம் வந்திருக்கிறது தெரியுமா? வண்டியில் இல்லை, நடந்தே!

1930 ஏப்ரல் 13-ம் தேதி, ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியில் இருந்து புறப்பட்டார்கள். தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக, ஏறத்தாழ 240 கிலோமீட்டர். வழியெல்லாம் முகாம். அவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று அன்றைய தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்டினார். ஊர் மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சாப்பாட்டுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள்! 'யார் வைத்தது?' என்றால் யாருக்கும் தெரியாது. மரம் சோறு போட்டது, அவ்வளவுதான்! ஏப்ரல் 30-ம் தேதி வேதாரண்யத்தில் உப்பு எடுத்து ராஜாஜி கைதானார். நாம் வண்டியில் உட்கார்ந்துகொண்டு 'இன்னும் எவ்வளவு தூரம்?' என்று கேட்கும்போது இதை நினைத்துக்கொள்வோம்.

கடல் திரும்பும் முனை

இதோ, கோடியக்கரை. கோடி என்றால் முனை. கன்னியாகுமரி நோக்கித் தெற்கே ஓடிவந்த கரை, இங்கே சட்டென்று மேற்கே திரும்புகிறது. எதிரே அறுபது கிலோமீட்டருக்குள் இலங்கை.

1967-ல் இங்கே சரணாலயம் அமைந்தது. முறுக்குக் கொம்பு வெளிமான்கள், யாரும் வளர்க்காமல் தானாகத் திரியும் குதிரைகள், குளிர்காலத்தில் ஆழமில்லாத நீரில் ஒற்றைக் காலில் நிற்கும் பூநாரைகள். 2002-ல் இது பன்னாட்டுச் சிறப்புப் பெற்ற 'ராம்சர்' ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் ஒன்றும் இருந்தது. 2004 சுனாமியில் இடிந்துவிட்டது. கஜா புயலில் இந்தக் காட்டு மரங்களும் விலங்குகளும் பட்ட பாடு பெரிது. சரணாலயத்துக்குள் கூடாரம் போடக் கூடாது. வனத்துறை அனுமதித்த இடத்தில் மட்டுமே போக வேண்டும்.

முனையைத் தாண்டி மேற்கே பாருங்கள். அலை எங்கே? புதிரின் விடை இதுதான்! நாம் பாக் நீரிணைக்குள் வந்துவிட்டோம். ஒரு பக்கம் தமிழ்நாடு, மறுபக்கம் இலங்கை. வெளியே இருந்து பேரலை உள்ளே வர வழி குறுகல். உள்ளே ஆழமும் மிகக் குறைவு. பெரும்பாலும் பத்து மீட்டருக்கும் கீழே. வந்த அலையும் தரையில் உரசி உரசி ஓய்ந்துவிடும். வாடைக் காற்று அடிக்கும் மழைக்காலத்தில் கொஞ்சம் கொந்தளிக்கும். மற்ற நாட்களில் தூக்கம்தான்.

பலகையைக் கட்டி வைத்துவிடலாம். இனி அதற்கு வேலை இல்லை. ஆனால், அலை இல்லாததால் இங்கே என்னவெல்லாம் வாழ்கின்றன என்று பாருங்கள்.

அலையை ஆற்றும் காடு

முத்துப்பேட்டை. பாமணியாறு, கோரையாறு போன்ற ஆறுகள் கடலைத் தொடும் இடம். படகில் ஏறுங்கள். இரு பக்கமும் பச்சைச் சுவர். சேற்றில் இருந்து ஆயிரக்கணக்கான குச்சிகள் பென்சில் நட்டதுபோல மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவை மூச்சு விடும் வேர்கள்! சேற்றுக்குள் காற்று கிடைக்காது. அதனால் வேர் தலையை வெளியே நீட்டி மூச்சு வாங்குகிறது.

இந்தக் காட்டுக்குத் தமிழில் என்ன பெயர்? அலையாத்திக் காடு. அலையை ஆற்றும் காடு! சூடான பாலை ஆற்றுகிறோம் அல்லவா, அப்படி இந்த வேர்கள் சீறி வரும் அலையை ஆற்றி அனுப்புகின்றன. வேர்களுக்கு இடையே இறாலும் மீன்குஞ்சும் நண்டும் வளர்கின்றன. கஜா புயலில் இந்த மரங்களும் பலமாக அடிபட்டன. முன்வரிசையில் நிற்கும் வீரனுக்குத்தானே முதல் அடி?

கடைசி நிறுத்தம்: மனோரா

அதிராம்பட்டினம் தாண்டி மல்லிப்பட்டினம் அருகே, எட்டு அடுக்கு கேக் மாதிரி நிற்கிறது மனோரா. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக, தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1814-15-ல் கட்டியது. எங்கேயோ ஐரோப்பாவில் நடந்த போருக்கு நம் ஊர்க் கடற்கரையில் ஒரு கோபுரம்!

எதிரே தெரியும் அமைதியான கடலுக்கு அடியில் ஒரு புல்வெளி இருக்கிறது. ஆமாம், கடல்புல்! அலை அடங்கிய, வெயில் அடி வரை எட்டும் ஆழமில்லாத கடலில்தான் அது நன்றாக வளரும். அந்தப் புல்லை மேய ஒரு மாடு வேண்டாமா? இருக்கிறதே, கடல் பசு! மீனவர்கள் ஆவுளியா என்றும் சொல்வார்கள். மீன் இல்லை, நம்மைப்போலக் குட்டி போட்டுப் பால் கொடுக்கும் விலங்கு. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கிப் போகும். ஒரு நாளைக்கு 30, 40 கிலோ புல் தின்னும். எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்ட இந்தச் சாதுப் பிராணிக்காக, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை, நாட்டின் முதல் கடல் பசு பாதுகாப்பகமாக 2022 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது. வலையில் தவறிச் சிக்கிய கடல் பசுவை, வலை கிழிந்தாலும் பரவாயில்லை என்று அறுத்து விடும் மீனவர்களும் இந்தக் கரையில் இருக்கிறார்கள்.

அலை ஆடும் கடலில் மனிதன் விளையாடுகிறான். அலை தூங்கும் கடலில் கடல் பசு மேய்கிறது. இரண்டும் ஒரே கரையில், ஒருநாள் பயணத் தூரத்தில்!

வீட்டில் செய்து பாருங்கள்

ஒரு நீளமான தட்டில் ஒரு முனையில் மணலைச் சரிவாகக் குவித்து, அதன் மேல் தீப்பெட்டி ஒன்றை வீடு மாதிரி வையுங்கள். மறுமுனையில் தண்ணீர் ஊற்றி, ஓர் அட்டையால் தள்ளி அலை எழுப்புங்கள். சில அலையிலேயே வீடு நகர்ந்துவிடும். இப்போது வீட்டுக்கு முன்னால் களிமண் வைத்து, விளக்குமாற்று ஈர்க்குச்சிகளை ஒடித்து நெருக்கமாக நடுங்கள். மறுபடி அதே வேகத்தில் அலை எழுப்புங்கள். எத்தனை அலை தாங்குகிறது என்று எண்ணுங்கள். குச்சிகளை இன்னும் நெருக்கி நட்டால் என்ன ஆகிறது? முடிவை நோட்டில் எழுதி, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.

அடுத்த முறை வேளாங்கண்ணிக்கோ நாகூருக்கோ குடும்பத்தோடு போகும்போது, கடலைப் பார்த்ததும் ஓடிப்போய் இறங்கிவிடாதீர்கள். ஐந்து நிமிடம் கரையில் நில்லுங்கள். அலை எங்கே உடைகிறது, எங்கே உடையவில்லை, காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள். பக்கத்தில் வலை உலர்த்தும் மீனவ அண்ணனிடம், 'அண்ணே, இன்னிக்குக் கடல் எப்படி?' என்று கேளுங்கள். அவர் சொல்லும் பாடம் எந்தப் புத்தகத்திலும் இருக்காது!

சரி, பாலங்களில் எழுதிய ஆற்றுப் பெயர்களை எண்ணியாயிற்றா? யாருடைய பட்டியல் நீளம்?